சென்னையிலிருந்து கொழும்புக்கு: போட் மெயில் வழியின் வரலாறு

முன்னுரை

சென்னையிலிருந்து இராமேசுவரம் செல்லும் இரவு விரைவு வண்டிக்குப் 'போட் மெயில்' என்னும் பெயர் இன்றும் மக்கள் வழக்கில் இருந்து வருகிறது. அவ்வண்டியை எதிர்நோக்கி இன்று எந்தத் துறையிலும் கப்பல் காத்திருப்பதில்லை. எனினும் ஏறத்தாழ அரை நூற்றாண்டுக் காலம், சென்னை எழும்பூரில் பயணச்சீட்டு வாங்கிய ஒருவர் அதே சீட்டைக் கொண்டு வண்டியிலும், கப்பலிலும், மீண்டும் வண்டியிலும் பயணஞ்செய்து கொழும்புக் கோட்டை நிலையத்தில் இறங்கக் கூடியதாயிருந்தது. ஒரு மாகாணத்தின் தலைநகரையும் அயல்நாட்டின் தலைநகரையும் இணைத்த அவ்வழியின் வரலாறு, இருப்புப்பாதையின் வரலாறு மட்டுமன்று. அதன் வழியே சென்றும் திரும்பியும் அலைந்த ஒரு மக்களினத்தின் வரலாறுமாகும்.

இவ்வழி 1964ஆம் ஆண்டு டிசம்பர்ப் புயலினால் அழிந்தது என்பதே பொதுவாகச் சொல்லப்படும் செய்தி. தண்டவாளத்தைப் பொறுத்தவரையில் அது சரியே. ஆனால், அவ்வழியைப் பயன்படுத்திய மக்களைப் பொறுத்தவரையில், புயலுக்குப் பதினைந்து ஆண்டுகளுக்கு முன்னரே அது துண்டிக்கப்பட்டுவிட்டது. கடல் செய்ததைக் காட்டிலும் சட்டம் செய்தது பெரிது. இதனைச் சான்றுகளுடன் விளக்குவதும், திருச்சபை இதிலிருந்து கற்றுக்கொள்ள வேண்டியது யாது எனச் சிந்திப்பதும் இக்கட்டுரையின் நோக்கமாகும்.

1. இருப்புப்பாதைக்கு முன்

தமிழகக் கரைக்கும் இலங்கைக் கரைக்கும் இடையே மக்கள் போக்குவரத்து மிகப் பழமையானது. ஆயினும் நாம் இங்குக் கருதும் காலம் 19ஆம் நூற்றாண்டு. அந்நூற்றாண்டில் இருவகைப் பயணிகள் இக்கடலைக் கடந்தனர்.

முதல் வகையினர் கல்வியும் சமயமும் குறித்துச் சென்றோர். 1816இல் யாழ்ப்பாணத்தில் பணியைத் தொடங்கிய அமெரிக்க மிஷனரிமார் 1834இல் அங்கிருந்தே மதுரைக்கு வந்து மதுரை மிஷனை நிறுவினர். பீற்றர் பெர்சிவல் ஐயருடன் விவிலிய மொழிபெயர்ப்பில் உழைத்த ஆறுமுக நாவலர், அப்பணியின் பொருட்டு அவருடன் சென்னைக்கு வந்தார். சென்னைப் பல்கலைக்கழகம் 1857இல் நிறுவப்பட்டபோது அதன் முதற் பட்டதாரிகளாகத் தேறிய சி. வை. தாமோதரம்பிள்ளை, விசுவநாதபிள்ளை ஆகிய இருவரும் யாழ்ப்பாணத்தவரே. இவர்கள் பெயர்கள் ஏடுகளில் உள்ளன.

இரண்டாம் வகையினர் பெயர் அறியப்படாதோர். இலங்கையின் மலைநாட்டில் காப்பித் தோட்டங்கள் பெருகியபோது, அவற்றில் உழைக்கத் தஞ்சை, திருச்சி, இராமநாதபுரம், மதுரை, திருநெல்வேலி, சேலம் முதலிய மாவட்டங்களிலிருந்து ஏழை மக்கள் திரள் திரளாகச் சென்றனர். இவர்கள் கால்நடையாகக் கடற்கரையை அடைந்து, தோணிகளில் மன்னாருக்குச் சென்று, அங்கிருந்து வறண்ட காடுகளின் ஊடே மாத்தளை வரை நூறு மைலுக்கு மேல் நடந்தனர். நீரின்மையாலும் வாந்திபேதியாலும் காய்ச்சலாலும் வழியில் மடிந்தோர் பலர். அவர்களை அடக்கம் செய்தோரும் இல்லை. கணக்கு வைத்தோரும் இல்லை எனலாம். இந்நடைவழியே பின்னர் இருப்புப்பாதையாயிற்று என்பதை மனத்திற் கொண்டாலன்றிப் போட் மெயிலின் வரலாற்றை நாம் முழுமையாக அறிந்தவர்கள் ஆகமாட்டோம்.

2. தலைநகரிலிருந்து கடற்கரை வரை

தென்னிந்தியாவின் முதற் புகைவண்டி 1856ஆம் ஆண்டு ஜூலை 1ஆம் நாள் சென்னை இராயபுரத்திலிருந்து வாலாஜா ரோடு வரை ஓடியது. இப்பாதை மேற்கு நோக்கிச் சென்றது. தெற்கு நோக்கிய பாதையின் வரலாறு வேறு. அதனைத் தொடங்கிய கிரேட் சதர்ன் ஆப் இந்தியா ரயில்வே கம்பெனியார் சென்னையில் தொடங்காமல், துறைமுகமாயிருந்த நாகப்பட்டினத்தில் தொடங்கினர். 1861இல் தஞ்சாவூரையும், அதற்கடுத்த ஆண்டில் திருச்சிராப்பள்ளியையும் அப்பாதை எட்டியது. 1874இல் இக்கம்பெனியும் கர்நாடிக் ரயில்வேயும் ஒன்றாகித் தென்னிந்திய ரயில்வே உருவாயிற்று. 1876இல் பாதை தூத்துக்குடியை அடைந்தது. 1870கள் முடிவதற்குள் செங்கற்பட்டு, விழுப்புரம், கடலூர், தஞ்சாவூர் வழியாகத் தலைநகருக்கும் தென்கோடிக்கும் நேர்வழி ஏற்பட்டது.

அந்நாள் முதல் கொழும்புக்குச் செல்வோர் சென்னையிலிருந்து தூத்துக்குடிக்குப் புகைவண்டியிலும், அங்கிருந்து நீராவிக் கப்பலிலும் சென்றனர். தூத்துக்குடிக்கும் கொழும்புக்கும் இடையே கடல்வழி ஏறத்தாழ 150 மைல். தோட்டத் தொழிலாளரைத் தடுத்து வைத்து நோய் சோதிப்பதற்கெனத் தூத்துக்குடிக்கு அண்மையிலுள்ள தட்டப்பாறையில் ஒரு முகாம் இருந்தது.

சென்னை அன்று இன்றைய தமிழகத்திற்கு மட்டுமன்றி, தெலுங்கு, மலையாள, கன்னட நிலப்பகுதிகள் பலவற்றிற்கும் தலைநகர். அரசாங்கத்தின் கடிதங்களும், வாணிபத்தாரின் கடிதங்களும் அங்கிருந்தே புறப்பட வேண்டும். 'மெயில்' என்னும் பெயர் அஞ்சலைக் குறிப்பது. பயணிகளின் வசதி கருதி அமைந்ததைக் காட்டிலும், ஆட்சியின் தேவையும் தோட்ட முதலாளிகளின் தேவையும் கருதியே இவ்வழி அமைந்தது என்பது வெளிப்படை. தென்னிந்திய ரயில்வேயின் பெருநிலையமாக எழும்பூரின் செந்நிறக் கட்டடம் 1908இல் திறக்கப்பட்டது.

3. இரு கரைகளின் இணைப்பு

கடல்வழியைச் சுருக்க வேண்டுமாயின் இராமேசுவரம் தீவின் வழியே செல்ல வேண்டும் என்பது நெடுநாளாக அறியப்பட்டிருந்தது. 1902இல் மதுரையிலிருந்து மண்டபம் வரை பாதை திறக்கப்பட்டது. எஞ்சியிருந்த தடை, மண்டபத்திற்கும் பாம்பனுக்கும் இடைப்பட்ட கடல். அதன் மீது ஏறத்தாழ இரண்டு கிலோமீட்டர் நீளமுள்ள பாலம் கட்டும் வேலை 1911இல் தொடங்கி, 1914ஆம் ஆண்டு பிப்ரவரி 24ஆம் நாள் நிறைவெய்தியது. கப்பல்கள் செல்லும்பொருட்டுப் பாலத்தின் நடுப்பகுதி இரு கூறாகப் பிரிந்து மேலெழும்படி, ஷெர்சர் என்னும் அமெரிக்கப் பொறியியலாளர் வகுத்த முறையில் அமைக்கப்பட்டது. தொழிலாளர் கைவலியாலேயே அதைத் திறந்து மூடினர்.

பாம்பனிலிருந்து தீவின் தென்கிழக்கு முனையாகிய தனுஷ்கோடிக்குப் பாதை சென்றது. எதிர்க்கரையில் இலங்கை அரசாங்கம் மதவாச்சியிலிருந்து மன்னார் வழியாகத் தலைமன்னாருக்குப் பாதை அமைத்தது. அப்பாதை, 1905இல் முற்றுப்பெற்ற கொழும்பு–யாழ்ப்பாணப் பாதையோடு மதவாச்சியில் இணைந்தது. தனுஷ்கோடிக்கும் தலைமன்னாருக்கும் இடையே கடல் ஏறத்தாழ 22 மைல்களே. 150 மைல் கடற்பயணம் சில மணி நேரப் பயணமாகச் சுருங்கியது.

எழும்பூரில் இரவில் ஏறியவர் மறுநாள் தனுஷ்கோடியில் இறங்கிச் சுங்கச் சோதனை முடித்து, துறையில் நின்ற கப்பலில் ஏறுவார். பிற்காலத்தில் இர்வின், கோஷன் என்னும் இரு கப்பல்கள் இத்துறையில் ஓடின. தலைமன்னாரில் காத்திருக்கும் வண்டி அவரை இரவோடிரவாகக் கொண்டு சென்று அடுத்த நாட் காலையில் கொழும்பிற் சேர்க்கும். ஏறத்தாழ 400 மைல் தமிழக நிலமும், ஒரு கடலும், இலங்கையின் வடபகுதியும் இரண்டு இரவுகளில் கடக்கப்பட்டன. கடவுச்சீட்டு வேண்டியதில்லை. இரு நாடுகளும் ஒரே முடியாட்சிக்கு உட்பட்டிருந்தமையே இதற்குக் காரணம். இதனை நாம் மறத்தலாகாது; ஏனெனில் எல்லையின்மை அந்நாளில் மக்கள் பெற்ற உரிமையன்று, ஆள்வோரின் வசதியே.

4. ஒரே வண்டி, வெவ்வேறு பயணிகள்

போட் மெயிலின் முதல் வகுப்பில் ஆங்கில அதிகாரிகளும், தோட்டத் துரைமாரும், செல்வரும் சென்றனர். மூன்றாம் வகுப்பில் பொதுமக்கள் சென்றனர். அக்காலத்து மூன்றாம் வகுப்பின் நிலையை அறிய, 1917இல் பம்பாயிலிருந்து சென்னைக்கு அவ்வகுப்பில் பயணஞ்செய்த காந்தியடிகள் எழுதியதே போதும். 22 பேருக்கென வரையறுக்கப்பட்ட பெட்டியில் பயணத்தின் பெரும்பகுதியில் 35 பேர் அடைக்கப்பட்டிருந்தனர் என்றும், வழியெங்கும் அது துப்புரவு செய்யப்படவில்லை என்றும் அவர் பதிவு செய்துள்ளார். மூன்றாம் வகுப்பு இந்திய ரயில்வேயில் 1974இல் தான் நீக்கப்பட்டது.

ஆனால், தோட்டத் தொழிலாளர் மூன்றாம் வகுப்புப் பயணியருள்ளும் தனிப்பட்டவராக நடத்தப்பட்டனர். 1904 முதல் திருச்சிராப்பள்ளியில் இயங்கிய இலங்கைத் தொழிலாளர் கமிஷன் ஆட்சேர்ப்பை மேற்பார்வையிட்டது. கங்காணி ஊரூராகச் சென்று ஆட்களைத் திரட்டுவார். ஒவ்வொருவருக்கும் ஒரு தகர வில்லை கொடுக்கப்படும். அதில் தோட்டம் இருக்கும் மாவட்டத்தின் குறியும் தோட்டத்தின் எண்ணும் பொறிக்கப்பட்டிருக்கும். தகர டிக்கெட் எனப்பட்ட இதனைக் கழுத்தில் கட்டிக்கொண்ட ஒருவர் காசு கொடாமலே வண்டியிலும் கப்பலிலும் ஏற்றிக்கொள்ளப்படுவார். வில்லையில் கண்ட எண்ணுக்குரிய தோட்டத்தில் கொண்டு சேர்க்கப்படுவார். செலவு தோட்டத்தின் கணக்கில் எழுதப்படும். பின்னர் அது தொழிலாளரின் கடனாகும். அக்கடன் தீர்ந்தது அல்லது இன்னொருவர் ஏற்றுக்கொண்டார் என்பதற்கான 'துண்டு' இன்றி ஒருவர் வேறு தோட்டத்திற்குச் செல்ல முடியாது. துண்டு முறை 1921இல் தான் சட்டத்தினால் ஒழிக்கப்பட்டது.

பாதை தனுஷ்கோடி வழியாக மாறியபின் தட்டப்பாறை முகாமின் இடத்தை மண்டபம் முகாம் பெற்றது. இந்திய மண்ணில் இலங்கை அரசாங்கம் நடத்திய முகாம் அது. முதல் வகுப்புப் பயணி அந்நிலையத்தைச் சன்னல் வழியே கண்டு கடந்து போவார். தகர வில்லை அணிந்தவரோ அங்கு இறக்கப்பட்டு, நாட்கணக்கில் தங்கவைக்கப்பட்டு, நோயில்லை எனத் தேறிய பின்னரே கப்பலேற்றப்படுவார்.

இருப்புப்பாதை வந்தால் சாதி வேற்றுமை தானே ஒழியும் எனப் பலர் அந்நூற்றாண்டில் எதிர்பார்த்தனர். 1853இல் இந்தியாவைப் பற்றி எழுதிய காரல் மார்க்சும் அவ்வாறே கருதினார். நடந்தது வேறு. ஒரே பெட்டியில் பலரும் நெருங்கி அமர வேண்டியதாயிற்று என்பது உண்மை. ஆனால், தென்னிந்திய ரயில்வேயின் நிலையங்களில் உணவு விடுதிகள் பிராமணருக்கு வேறாகவும் மற்றவருக்கு வேறாகவும் 1941 வரை நடந்தன. பெரியார் ஈ. வெ. இராமசாமி முதலியோரின் எதிர்ப்பின் பின்னரே அப்பலகைகள் அகற்றப்பட்டன. பாதை மக்களை ஓரிடத்திற் சேர்க்கும். அவர்களை ஒருமக்களாக்குவது பாதையின் வேலையன்று.

5. திருச்சபையும் இவ்வழியும்

தோட்டத் தொழிலாளரிடையே அருட்பணி, இருப்புப்பாதைக்கு முந்தியது. சர்ச் மிஷனரி சங்கத்தாரின் 'தமிழ்க் கூலி மிஷன்' 1854இல் தொடங்கப்பட்டது. திருநெல்வேலியிலிருந்து சென்ற உபதேசிமார் அதன் முதற் பணியாளராயினர். அம்மிஷனின் பெயரை நாம் இன்று கூச்சத்துடனேயே உச்சரிக்கிறோம். பின்னர் அது தமிழ்ச் சபை மிஷன் எனப் பெயர் மாறியது.

உபதேசிமார் தோட்டந்தோறும் நடந்து சென்று லயங்களில் செபக்கூட்டம் நடத்தினர்; பிள்ளைகளுக்கு எழுத்தறிவித்தனர். அவர்களது தொண்டு போற்றுதற்குரியது. எனினும் உண்மையை மறைத்தலாகாது. துரைமாருக்கு ஆங்கிலத்தில் ஓர் ஆராதனையும் தொழிலாளருக்குத் தமிழில் ஓர் ஆராதனையும் நடந்த காலம் அது. மொழியின் பொருட்டு அது வேண்டியதாயிருந்தது என்பர். ஆனால், போட் மெயிலின் வகுப்புகள் ஆலயத்திலும் தொடர்ந்தன என்று பின்வந்தோர் கூறுவதற்கு அதுவே இடந்தந்தது.

1947ஆம் ஆண்டு செப்டம்பர் 27ஆம் நாள் சென்னைப் புனித ஜார்ஜ் பேராலயத்தில் தென்னிந்தியத் திருச்சபை உதயமாயிற்று. அதன் மறைமாவட்டங்களுள் ஒன்று யாழ்ப்பாணம். அமெரிக்க மிஷனின் வழிவந்த அம்மறைமாவட்டத்தின் முதற் பேராயர் சபாபதி குலேந்திரன் 1970 வரை பணியாற்றினார். இந்தியா விடுதலை பெற்று ஆறு வாரங்களே ஆகியிருந்த வேளையில், ஒரு திருச்சபை தன் அமைப்பில் இரண்டு நாடுகளைச் சேர்த்துக்கொண்டது. யாழ்ப்பாணத்து மெதடிஸ்தராகிய டி. டி. நைல்ஸ் பெங்களூர் ஐக்கிய இறையியற் கல்லூரியில் பயின்றதும் இத்தொடர்பின் பயனே. சென்னைக்கும் யாழ்ப்பாணத்திற்கும் இடையே போதகரும் மாணவரும் செல்வதற்கு மதவாச்சியில் வண்டி மாறிச்செல்லும் இவ்வழியே எளியதாயும் செலவு குறைந்ததாயும் இருந்தது.

அதே ஆண்டுகளில் தான் இவ்வழியின் வாயில் மூடப்படலாயிற்று.

6. தாள் வரைந்த எல்லை

முதல் அடி 1939இல் விழுந்தது. இலங்கை அரசாங்கம் தன் துறைகளில் நாட்கூலி பெற்ற இந்தியரை நீக்கியபோது, இந்திய அரசாங்கம் அதற்கு எதிராக, பயிற்சியற்ற தொழிலாளர் இலங்கைக்குச் செல்வதைத் தடைசெய்தது. சென்றிருந்தோர் அங்கும், உற்றார் இங்குமாகக் குடும்பங்கள் பிரிந்தன.

1948ஆம் ஆண்டு பிப்ரவரி 4ஆம் நாள் இலங்கை விடுதலை பெற்றது. அவ்வாண்டிலேயே நிறைவேறிய குடியுரிமைச் சட்டம், தகப்பனோ, அன்றித் தந்தைவழிப் பாட்டனும் பூட்டனுமோ இலங்கையிற் பிறந்ததற்குச் சான்று காட்டுவோரையே வம்சாவளிக் குடிமக்களாக ஏற்றது. லயத்தில் பிறந்து லயத்தில் இறந்தோருக்குப் பிறப்புச் சான்றிதழ் ஏது? 1949இல் வந்த இந்திய, பாகிஸ்தானிய வாசிகள் குடியுரிமைச் சட்டம், 1946ஆம் ஆண்டு ஜனவரி 1ஆம் நாளுக்கு முன், மணமானவராயின் ஏழு ஆண்டுகளும் மணமாகாதவராயின் பத்து ஆண்டுகளும் இடையறாது வசித்தமைக்குச் சான்று கேட்டது. பன்னிரண்டு மாதங்களுக்கு மேற்பட்ட பிரிவு அத்தொடர்ச்சியை அறுத்துவிடும். அதே ஆண்டில் தேர்தற் சட்டமும் திருத்தப்பட்டு, குடியுரிமை அற்றோரின் வாக்குரிமை நீங்கியது.

'இடையறாது' என்னும் அச்சொல்லைச் சற்று எண்ணிப்பார்க்க வேண்டும். நடைவழியில் சென்ற தலைமுறைக்கு ஊர் திரும்புவது அரிதாயிருந்தது. போட் மெயில் வந்தபின், தாய் நோயுற்றாலும், தங்கைக்குத் திருமணமானாலும், குலதெய்வத்திற்குப் பொங்கலிட்டாலும், சபையில் பிரதிஷ்டைப் பண்டிகை வந்தாலும் ஒருவர் ஊருக்குப் போய்வர முடிந்தது. அவ்வாறு போய்வந்ததே பின்னர் அவர்களுக்கு எதிராகப் பேசப்பட்டது. இவர்கள் இந்நாட்டில் வேரூன்றியவர் அல்லர், வந்துபோகும் பறவைகள் என்று சொல்லப்பட்டது. அன்பின் பொருட்டுச் செய்த பயணம் அந்நியத்தின் சான்றாயிற்று. ஏறத்தாழ எட்டு இலட்சம் பேருக்காகக் குடியுரிமை விண்ணப்பங்கள் அளிக்கப்பட்டன. ஏற்கப்பட்டோர் ஏறத்தாழ 1,34,000 பேரே.

1949இல் குடிவரவு குடியகல்வுச் சட்டமும் நடைமுறைக்கு வந்தது. கடவுச்சீட்டும் நுழைவிசைவும் இன்றித் தலைமன்னாரில் இறங்குதல் இயலாததாயிற்று. வண்டி முன்போலவே ஓடியது. கப்பலும் முன்போலவே மிதந்தது. ஆனால், யாருடைய உழைப்பின் பொருட்டு அவ்வழி போடப்பட்டதோ அவர்கள் இனி அதில் விரும்பியபோது ஏற முடியாது.

இவ்வநீதியை எதிர்த்தோரும் இருந்தனர். புரொட்டஸ்டாண்டுக் கிறிஸ்தவரான சா. ஜே. வே. செல்வநாயகம் இக்குடியுரிமைப் பிரச்சினையை முன்னிட்டே தமிழ்க் காங்கிரசிலிருந்து பிரிந்து, 1949 டிசம்பரில் தமிழரசுக் கட்சியை நிறுவினார். ஆனால், குற்றம் கொழும்பினுடையது மட்டுமன்று. இம்மக்கள் இலங்கையின் பொறுப்பு எனப் புதுதில்லி நெடுநாள் வாதித்தது. 1954இல் நேருவும் கொத்தலாவலையும் செய்துகொண்ட உடன்பாடும் சிக்கலைத் தீர்க்கவில்லை. இரு அரசுகளும் ஏற்காத இவர்கள் 'நாடற்றோர்' எனப்பட்டனர்.

7. 1964

அவ்வாண்டு அக்டோபர் 30ஆம் நாள் லால் பகதூர் சாஸ்திரியும் சிறிமாவோ பண்டாரநாயக்காவும் ஓர் ஒப்பந்தம் செய்துகொண்டனர். மொத்தம் 9,75,000 பேர் எனக் கணக்கிடப்பட்ட நாடற்றோரில் 5,25,000 பேரை இந்தியாவும் 3,00,000 பேரை இலங்கையும் ஏற்பதெனவும், எஞ்சிய 1,50,000 பேரைப் பின்னர்ப் பார்ப்பதெனவும் முடிவாயிற்று. அவர்களையும் 1974இல் இரு நாடுகளும் சரிபாதியாகப் பகிர்ந்துகொண்டன. தோட்டத் தொழிலாளரின் விருப்பத்தை அறிய வாக்கெடுப்பு எதுவும் நடைபெறவில்லை.

ஒப்பந்தம் கையெழுத்தாகி எட்டு வாரங்கள் கூட முடியவில்லை. டிசம்பர் 22ஆம் நாள் இரவு கடும்புயல் இராமேசுவரம் தீவைத் தாக்கியது. பாம்பனிலிருந்து தனுஷ்கோடிக்குச் சென்ற பயணி வண்டி நிலையத்தை அணுகும் வேளையில் பேரலைகளால் மூடப்பட்டது. அதிலிருந்த நூற்றுக்கு மேற்பட்டோரில் எவரும் பிழைக்கவில்லை. நிலையம், துறை, சுங்கச்சாவடி, அஞ்சலகம், ஆலயம் எல்லாம் அழிந்தன. பாம்பன் பாலத்தின் இரும்புத் தூலங்கள் பெரும்பாலும் அடித்துச் செல்லப்பட்டன. எனினும் பொறியியலாளர் ஈ. ஸ்ரீதரனின் தலைமையில் 46 நாட்களில் பாலம் சீரமைக்கப்பட்டது. தனுஷ்கோடி மீண்டும் எழவில்லை.

எட்டு வாரங்களுக்குள் நிகழ்ந்த இவ்விரண்டையும் ஒருங்கே வைத்து நோக்க வேண்டும். புயல் அழித்ததைச் சீரமைக்க ஆட்களும் கருவிகளும் விரைந்து வந்தன. ஒப்பந்தம் பெயர்த்தெறிந்த ஐந்தேகால் இலட்சம் பேரைச் சீராகக் குடியமர்த்தப் பல பத்தாண்டுகளும் போதவில்லை. தனுஷ்கோடியின் இடிபாடுகளைக் காண இன்று ஆயிரக்கணக்கானோர் செல்கின்றனர். மற்ற அழிவைக் கண்டு நிற்பதற்கு இடிபாடு எதுவும் இல்லை.

8. திரும்பி வந்தோர்

கப்பல் போக்குவரத்து தனுஷ்கோடிக்குப் பதிலாக இராமேசுவரத்திலிருந்து மீண்டும் தொடங்கியது. 'இராமானுஜம்' என்னும் கப்பலில் தாயகம் திரும்பியோர் வந்திறங்கினர். ஒரு காலத்தில் தகர வில்லையுடன் அனுப்பப்பட்டோரின் பேரர்கள், குடும்ப அட்டையுடன் அதே மண்டபம் முகாமில் இறக்கப்பட்டனர். அவர்களுள் பலர் இந்தியாவை அதற்குமுன் கண்டதில்லை. இங்கிருந்து நீலகிரியின் அரசுத் தேயிலைத் தோட்டங்களுக்கும், கர்நாடகத்தின் சுள்ளியா, புத்தூர் வட்டாரங்களின் ரப்பர்த் தோட்டங்களுக்கும், நூற்பாலைகளுக்கும் அனுப்பப்பட்டனர். 'சிலோன்காரர்' என்னும் பெயர் அவர்களைத் தொடர்ந்தது. அங்கே இந்தியர், இங்கே சிலோன்காரர்.

1983இல் நிகழ்ந்த இனக்கலவரத்தை அடுத்துக் கப்பல் போக்குவரத்தும் நின்றது. மண்டபம் முகாம் அகதிகளின் முகாமாயிற்று. தலைமன்னார்ப் பாதை போரில் அழிந்து, 2015 மார்ச்சில் மீண்டும் திறக்கப்பட்டது. நாகப்பட்டினத்திற்கும் காங்கேசன்துறைக்கும் இடையே 2023 அக்டோபரில் கப்பல் விடப்பட்டது. பழைய பாம்பன் பாலம் ஓய்வுபெற, புதிய பாலம் 2025 ஏப்ரல் 6ஆம் நாள் திறக்கப்பட்டது. சட்டமும் ஓரளவு திருந்தியது: இலங்கை 1988இலும் 2003இலும் நிறைவேற்றிய சட்டங்களால் அங்கு எஞ்சியிருந்த நாடற்றோர் குடியுரிமை பெற்றனர். ஆனால், 1983க்குப் பின் அகதிகளாக வந்த மலையக வம்சாவளியினர் பலர் தமிழக முகாம்களில் குடியுரிமையின்றி வாழ்ந்தனர். அத்தகையோர் சிலரின் வழக்கில், அவர்களது விண்ணப்பங்களைப் பரிசீலிக்குமாறு சென்னை உயர்நீதிமன்றத்தின் மதுரைக் கிளை 2019இல் பணித்தது. ஆகவே இது முடிந்துபோன வரலாறன்று.

முடிவுரை

எஸ்றாவின் நூல் இரண்டாம் அதிகாரம் நம்மிற் பலர் வாசிக்காது கடந்துபோகும் பகுதி. பாபிலோனிலிருந்து திரும்பினோரின் பெயர்ப் பட்டியல் அது. அதன் இறுதிப் பகுதியில், தாங்கள் இஸ்ரவேலர் என்பதற்குத் தங்கள் பிதாக்களின் வம்சத்தைக் காட்ட இயலாத 652 பேர் குறிப்பிடப்படுகின்றனர். தங்கள் வம்ச அட்டவணையைத் தேடிக் காணாத ஆசாரியர் சிலர் பணியினின்று விலக்கப்பட்டதும் அங்கேயே எழுதப்பட்டுள்ளது. வம்சத்தைக் காட்ட இயலாதோர் மீதிப் பயணத்தில் என்ன ஆயினர் என நூல் கூறவில்லை. எனினும் ஒன்று கருதத்தக்கது: சான்று காட்ட இயலாதவரின் தொகையும் அப்பட்டியலில் விடுபடாமல் எண்ணப்பட்டுள்ளது. திரும்பி வந்த மக்களின் தொகையில் அவர்களும் அடங்குவர்.

இவ்வரலாற்றிலிருந்து மூன்று கருத்துக்களை உடன் ஊழியர் முன்னும் மாணவர் முன்னும் வைக்க விரும்புகிறேன்.

முதலாவது, தொடர்பு வசதி ஐக்கியமாகாது. ஒரே வண்டி, ஒரே சீட்டு, ஒரே வழி என்பன அனைத்தும் இருந்தும், ஒருவர் மற்றவரை அறியாமலே இரண்டு இரவுகள் ஒன்றாகச் செல்ல முடிந்தது. நம் மாமன்றங்களும் மாநாடுகளும் இதனை நினைவிற் கொள்ள வேண்டும்.

இரண்டாவது, எல்லைகள் மாறும்போது முதலில் அடிபடுவோர் எழுத்துச் சான்று அற்றவரே. யாழ்ப்பாண மறைமாவட்டம் எல்லா மாற்றங்களுக்கும் பின்னர் இன்றும் தென்னிந்தியத் திருச்சபையின் அங்கமாக நிற்கிறது. அரசுகள் அறுத்த உறவைத் திருச்சபை காக்கக் கூடும் என்பதற்கு அது சான்று. ஆனால், அவ்வுறவு படித்தோரின் உறவாக மட்டும் நின்றுவிடலாகாது. கூடலூரிலும் கோத்தகிரியிலும் உள்ள தாயகம் திரும்பியோரின் குடும்பங்களையும், முகாம்களில் உள்ளோரையும் அது தழுவ வேண்டும்.

மூன்றாவது, நம் கையிலேயே உள்ள ஒரு பணி. ஒவ்வொரு பழஞ்சபையிலும் திருமுழுக்கு, திருமணம், அடக்கம் ஆகியவற்றின் பதிவேடுகள் உள்ளன. பிறப்புச் சான்றிதழ் இல்லாதவர்க்குத் திருமுழுக்குச் சான்றிதழே பல அலுவலகங்களில் பிறப்புக்குச் சான்றாக ஏற்கப்பட்ட காலம் உண்டு. திருநெல்வேலி, மதுரை, இராமநாதபுரம் பகுதிகளின் பதிவேடுகளில் தகப்பன் இருப்பிடம் இலங்கை எனக் குறித்த பதிவுகள் எத்தனை எனத் தேடி எழுதுதல் இறையியல் மாணவர் ஒருவரின் ஆய்வுக்குத் தக்க பொருளாகும். முதியோரின் நினைவுகளையும், அவர்கள் உயிரோடிருக்கும் போதே கேட்டுப் பதிவு செய்தல் வேண்டும். பூச்சி அரித்தும் மழையில் நனைந்தும் அழிந்து வரும் அவ்வேடுகளைப் பேணுதல் அலுவலக வேலையன்று. அது மேய்ப்புப் பணியே.

நடைவழியில் மடிந்தோரின் பெயர்களை எவரும் எழுதவில்லை. தகர வில்லையில் எண் மட்டுமே இருந்தது. திருமுழுக்குப் பதிவேட்டின் வரியிலோ பெயர் கேட்கப்பட்டது, பெற்றோரின் பெயர் கேட்கப்பட்டது. எந்நாட்டவர் என்பதற்கான சான்று கேட்கப்படவில்லை. அவ்வரியை எழுதும் பொறுப்பு இன்றும் போதகரிடமே உள்ளது. அதனைக் கவனமாக எழுதுவோமாக, எழுதப்பட்டதைக் காப்போமாக.